நான்கு விரல் இடைவெளி

மேலப்பாளையத்தில் ஒரு பெரிய வீட்டு முற்றம். என் மோட்டார் சைக்கிளைச் சுவரை ஒட்டி நிறுத்தி, அதன் சீட்டின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். தலை எட்டவில்லை; ஸ்பேனர் பிடித்த கை மட்டும் சுவருக்கு மேலே தெரிந்தது. மறு கையால் மதில் சுவரைப் பிடித்திருந்தேன். சுவரின் உச்சியில் உடைந்த பாட்டில் கண்ணாடிகள் காலை வெயிலில் பச்சையும் பழுப்புமாகப் பளபளத்தன. பேண்ட்டின் பின்பக்கத் தையல் அப்போதுதான் டர்ரென்று விட்டிருந்தது.

தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருவே அது செவுத்து மேல? எறங்கும். போலீசுக்குப் போன் போட்டாச்சு."

"பாய், நான் களவாணி இல்ல. கேட் ரிப்பேர் பாக்குதவன்."

"கேட்டு ரிப்பேர் பாக்குதவன் கேட்டையில்லா பாக்கணும்? செவுத்துல என்ன சோலி உமக்கு?"

நியாயமான கேள்வி. பக்கத்தில் இருந்த, இடுக்கே இல்லாத உயரமான இரும்புத் தகட்டுக் கேட்டை ஒரு முறை பார்த்தேன். நான் சரிசெய்ய வந்த கேட். என்னை உள்ளே வைத்து மூடிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது.

வேலைக்குப் போன வீட்டில் நாய் என்னைத் துரத்திய கதையைப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள், "இதைவிடக் கேவலமா நீங்க மாட்டினதே இல்லையா?" என்று கேட்டிருந்தார்கள். மாட்டியிருக்கிறேன். நாயாவது வெளியே துரத்தியது.

தம்மாமில் தூக்கம் வராதவர்

அந்த வீட்டுக்காரர் ஷாகுல், குடும்பத்தோடு சவுதியில், தம்மாமில் இருக்கிறார். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆனால் கேட் மட்டும் அவர் பேச்சைக் கேட்கும். அங்கே கட்டிலில் படுத்தபடி போனில் ஒரு தட்டுத் தட்டினால், இங்கே மேலப்பாளையத்தில் கேட் நகர்ந்து வழிவிடும். தோட்டக்காரர் வந்தாலும் அவர்தான் திறப்பார், தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தாலும் அவர்தான் திறப்பார். திறந்த கேட் கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவருடைய குரல் செய்தி வந்தது.

"அண்ணாச்சி, கேட்டு தானா தொறக்குது, தானா மூடுது. தெருவே நின்னு பாக்குதாம். ஜின்னு பூந்துட்டுன்னு பேசிக்கிடுதாவ. எனக்கு இங்கன ஒறக்கமே இல்ல. ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி."

வேறெந்த ஞாயிறாக இருந்தாலும் சிக்கல் இல்லை. அன்று என் மனைவி செல்விக்கு அரசு வேலைக்கான குரூப் தேர்வு.

செல்வி நாற்பதைத் தொட்டவள். எனக்கு வரும் வேலை அழைப்புகளையெல்லாம் எடுத்துப் பேசுபவள் அவள்தான். எந்தத் தெருவில் எந்த வீட்டில் எந்தக் கேட் முனகுகிறது என்பது என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். அந்த அழைப்புகளுக்கு நடுவில், அடுக்களை அலமாரியின் கதவு முழுக்கச் சின்னச் சின்னத் தாள்களாக ஒட்டி, தோசை வார்த்துக்கொண்டே ஒரு வருடமாகப் படித்தாள். சட்டினி தாளிக்கும் சத்தத்தில் பாண்டிய மன்னர்கள் வரிசையாக வந்து போவார்கள். மாவட்டத் தலைநகரங்கள் கடுகோடு வெடிக்கும்.

இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னிடம் இது வேண்டும் என்று கேட்டது அந்த ஒன்றுதான். "ஞாயித்துக்கெழம காலையில என்னைக் கொண்டு பாளையங்கோட்டையில பரீட்சை நடக்குத பள்ளிக்கூடத்துல விட்டுருங்க. ஒம்பது மணிக்கு கேட்டைப் பூட்டிருவாங்க. வேற எதுவும் நான் கேக்கல."

முந்தின நாள் மாலை கம்ப்யூட்டர் சென்டரில் ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து, கூடவே கறுப்பு மைப் பேனா ஒன்றும் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன். ராத்திரி அவள் கேட்டபோது, "வண்டியிலயே இருக்கு, பத்திரமா" என்றேன். பத்திரம் என்ற சொல்லை அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நான் உபயோகிப்பதில்லை.

ஷாகுலிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சொல் வராது. நாக்கு வரைக்கும் வரும், அப்புறம் "சரி பாய்" என்று மாறிவிடும். செல்வியிடம், "பெட்ரோல் போட்டுட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு டவுணில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினேன்.

ஜின் பிடிபட்டது

நான் போய் நின்றதும் ஷாகுல் தம்மாமிலிருந்து கேட்டைத் திறந்தார். தெரு ஒடுங்கல். வண்டியை வெளியே நிறுத்தினால் ஆட்டோ போகாது. உள்ளே ஓட்டிக்கொண்டு போனேன். பின்னால் கேட் மெல்ல நகர்ந்து மூடிக்கொண்டது.

சுவரிலிருந்த போர்டு பெட்டியைத் திறந்தேன். ஒரு பல்லி. கருகி, அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாக, இரண்டு கம்பிகளுக்கு நடுவே சயனத்தில் இருந்தது. ஒரு தெருவையே நடுங்க வைத்த ஜின், சுண்டுவிரல் நீளம்தான். குறட்டால் எடுத்துப் போட்டு, பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஈரத்தைத் துடைத்தேன்.

"பாய், ஜின்னு போயாச்சு" என்று ஷாகுலுக்குப் பெருமையாகக் குரல் செய்தி அனுப்பினேன்.

தெருமுனையில் டமார் என்று ஒரு சத்தம். காக்கைகள் கூட்டமாகப் பறந்தன. டிரான்ஸ்பார்மர். எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் மின்விசிறி நின்ற அமைதி ஒன்று உண்டே, அது வந்தது.

சரி, கரண்ட் போனால் என்ன, பேட்டரி இருக்கிறது என்று பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். ஆள் இல்லாத வீட்டில் கவனிப்பார் இல்லாமல் இரண்டு பேட்டரியும் உப்பிப்போய், கல்யாண வீட்டில் இரண்டு பந்தி சாப்பிட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

அப்போதுகூட நான் பதறவில்லை. கொஞ்சம் விசில்கூட அடித்தேன் என்று நினைக்கிறேன்.

சாவி இருக்கும் ஊர்

கரண்ட் இல்லாவிட்டாலும் கேட்டைக் கையால் தள்ளித் திறக்க ஒரு வழி உண்டு. மோட்டாரின் இடுப்பில் சின்னதாக ஒரு மூடி. அதற்கு ஒரு சாவி. திருகினால் மோட்டார் கேட்டை விட்டுவிடும். அப்புறம் குழந்தைகூடத் தள்ளலாம்.

கேட் போடும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் சாவியைக் கையில் கொடுத்துச் சொல்வோம்: வாசலுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற ஆணியில் மாட்டுங்கள். யாரும் மாட்ட மாட்டார்கள். சாவி என்று ஒன்றைக் கையில் வாங்கிவிட்டால் நம் ஆட்களுக்கு அது நகை மாதிரி. பீரோவுக்குள் போய்விடும். பீரோச் சாவி இன்னொரு பீரோவுக்குள் போய்விடும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அதற்கும் மேலே. வீட்டுச் சாவி, கார் சாவி, பீரோச் சாவி, இந்தச் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து, கையோடு விமானத்தில் கொண்டுபோய்விடுவார்கள். வீடு இங்கே இருக்கும். சாவிக்கொத்து அங்கே அவர்கள் தலையணைக்கு அடியில் இருக்கும். அது அடியில் இருந்தால்தான் தூக்கம் வரும்.

ஷாகுலை வீடியோவில் கூப்பிட்டேன்.

"பாய், மோட்டார் சாவி எங்க இருக்கு?"

"எங்கிட்டதான் இருக்கு அண்ணாச்சி. நீங்க பயப்படாதீங்க."

பக்கத்தில் கைவிட்டு எடுத்து, கேமராவுக்கு முன்னால் ஆட்டியும் காட்டினார். கிணுகிணு என்று சத்தம் தெளிவாகக் கேட்டது. தம்மாமில் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது.

போனை வைத்துவிட்டுக் கேட்டுக்கு ஓடினேன்.

கேட்டின் அடியில் பல் வைத்த இரும்புப் பட்டை ஒன்று ஓடும். மோட்டார் அதைக் கடித்துத்தான் கேட்டை இழுக்கும். அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று குனிந்தேன். ஸ்குரூ போட வேண்டிய இடத்திலெல்லாம் யாரோ ஒரு வெல்டர் மனசாரப் பற்றவைத்திருந்தார். பெரிய கேட்டில் ஆள் நுழையச் சின்னக் கதவு ஒன்று வைப்பது வழக்கம். இங்கே அழகு கெடும் என்று அதையும் வைக்கவில்லை.

மணி பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. முற்றத்தைச் சுற்றி நடந்தேன். மறுபடி சுற்றினேன். ஷாகுலின் காருக்கு மேலே போர்த்தியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தேன், கீழே விட்டேன். எதற்குப் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எலுமிச்சம்பழமும் கிடாவும்

இந்த மாதிரி நேரத்தில் என் மூளை உதவிக்கு வராது. சம்பந்தமில்லாத பழைய கேட்டுகளைக் கொண்டுவந்து காட்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் வீடு. அவர் கேட் வெள்ளிக்கிழமைதோறும் மூடாது. சனிக்கிழமை ஒழுங்காக மூடும். நான் போர்டை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன், அவர் என்னை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் நின்றேன். அந்த வீட்டம்மா கண்ணேறு கழியப் புது எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வாசலில் நீளமாகத் தொங்கவிட்டார்கள். அது சரியாகச் சென்சாரின் கண்ணுக்கு நேரே ஆடியது. யாரோ ஆள் நடுவில் நிற்கிறார் என்று கேட் மரியாதையாகக் காத்திருந்தது. ராத்திரிக்குள் ஏதாவது ஒரு குரங்கு பழத்தை அறுத்துக்கொண்டு போகும். சனிக்கிழமை சரியாகிவிடும்.

இதே மேலப்பாளையத்தில் பக்ரீத்துக்கு முன்னால் இன்னொரு வீட்டில் கேட் மூடவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் குர்பானிக் கிடாவை வாசல் தூணில் கட்டியிருந்தார்கள். அதுவும் அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் நின்றது. அவிழ்த்து இந்தப் பக்கம் கட்டினேன். கேட் மூடியது. கிடா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அதற்குத் திறந்த கேட்டில் ஏதோ நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

முற்றத்தில் நின்றபோது அந்தக் கிடாவின் மனநிலை எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஈரடுக்குப் பாலத்தில் நெரிசல்

போன் அடித்தது. செல்வி.

"எங்க இருக்கிய?"

"பெட்ரோல் பங்குல நிக்கேன். லைன் பெருசா இருக்கு."

வைத்துவிட்டேன். அப்புறம்தான் வண்டி சீட்டின் மேல் ஏறியதும், தையல் விட்டதும், தெருவிலிருந்து குரல் வந்ததும். நான் யாரென்று நம்ப வைக்க, கருகிய பல்லியை வாலைப் பிடித்துச் சுவருக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

"இதானாவே ஜின்னு?" என்றார் அவர். சிரித்தார். எதிர்வீட்டு மைதீன் பாய். பல் செட் வைத்த சிரிப்பு என்பது குரலிலேயே தெரிந்தது. "சரி, பதறாதேயும். ஏணி இருக்கான்னு பாத்துட்டு வாரேன்."

மறுபடி போன்.

"என்னங்க, எங்க வந்துட்டிருக்கிய?"

"ஈரடுக்குப் பாலத்துல. ஒரே நெரிசல்."

"ஞாயித்துக்கெழம காலையில ஈரடுக்குப் பாலத்துல நெரிசலா?"

"ஏதோ கட்சி ஊர்வலம் போலுக்கு."

நமக்கு ஒரு பொய் வந்துவிட்டால் அது தனியாக வராது, கொடியோடு வரும். நடக்காத அந்த ஊர்வலத்துக்குக் கோஷம் யோசித்துக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே மைதீன் பாய் தெருவெல்லாம் கேட்க முழங்கினார்.

"வே கேட்டுக்காரரே! ஏணி இல்லவே! பந்தல்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்! நீரு உள்ளயே கெடக்க வேண்டியதுதான்!"

போனில் செல்விக்கும் அது கேட்டுவிட்டது.

"யாரு அது?"

"யாரு?"

"ஏணி இல்லன்னு சொன்னது யாரு? நீங்க எதுக்குள்ள கெடக்கிய?"

"செல்வி, ஒண்ணும் இல்ல, நீ ரெடியாகி இரு, நான் வந்துகிட்டே..."

"ஷாகுல் பாய் வீட்டுலயா இருக்கிய? ஹால் டிக்கெட்டு வண்டியிலயா இருக்கு?"

இரண்டுக்கும் ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை. போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

நான்கு விரல்

அதற்கப்புறம் நான் செய்ததையெல்லாம் தொழில் தெரிந்தவர்கள் படிக்க வேண்டாம்.

வண்டி பேட்டரியைக் கழற்றினேன். கேட் மோட்டாருக்கு வேண்டிய பலத்தில் அது பாதிதான். ஆனாலும் போர்டிலிருந்து மோட்டார் கம்பிகளைப் பிடுங்கி நேரடியாக அதில் தொட்டேன். முதலில் கேட் இன்னும் இறுக மூடிக்கொண்டது. கம்பியை மாற்றித் தொட்டேன். மோட்டார் தொண்டை கட்டிய ஆள் மாதிரி கரகரத்தது. கேட் ஒரு முனகல் முனகி நகர்ந்தது.

நகர்ந்தது! "பாய், நகருது!" என்று கத்தினேன்.

"நகருதுவே! விடாதேயும்! யா அல்லா, விடாதேயும்!" வெளியே மைதீன் பாய் கேட்டைப் பிடித்து இழுத்தார். நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலால் உந்தினேன்.

நான்கு விரல் அகலம் திறந்தது. அவ்வளவுதான். என் பழைய பேட்டரி மூச்சை விட்டது. மோட்டார் அமைதியானது. அந்த இடுக்கு வழியாக மைதீன் பாயின் ஒரு கண்ணையும் பாதி மூக்கையும் முதல் முறையாகப் பார்த்தேன்.

"உம்ம தொப்பைக்கு இது காணாதே வே" என்றார் அந்தப் பாதி மூக்கு.

நான் தரையில் உட்கார்ந்தேன். வெறும் நான்கு விரல். எனக்கு அழுகை வந்தது. ஒரு வருடமாக அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாள்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் ஆடின. ஒன்பது மணிக்குப் பூட்டும் அந்தப் பள்ளிக்கூடத்துக் கேட், மோட்டார் கிடையாது, சென்சார் கிடையாது, கிடா நின்றாலும் எலுமிச்சம்பழம் ஆடினாலும் நிற்காது, அது பூட்டப்போகிறது.

தெருவில் ஆட்டோ வந்து நின்றது. செருப்புச் சத்தம். மைதீன் பாய் விலகினார். இடுக்கில் பச்சைச் சேலை தெரிந்தது.

"செல்வி," என்றேன். என் குரல் எனக்கே பாவமாக இருந்தது. "என்னால வெளிய வர முடியலட்டி."

"நீங்க எதுக்கு வரணும்?"

விளங்காமல் பார்த்தேன். நான்கு விரல் இடுக்கு வழியாக ஒரு கை உள்ளே நீண்டது. இரண்டு கண்ணாடி வளையல்கள் இரும்பில் உரசின.

"பரீட்சை எழுதப்போறது நீங்களா, நானா? ஹால் டிக்கெட்டக் குடுங்க."

அந்த நேரத்தில் என் தலைக்குள் கேட்ட சத்தம்தான் டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தத்தைவிடப் பெரியது. காலையிலிருந்து நான் என்னை வெளியே கொண்டுபோகத்தான் பாடுபட்டிருக்கிறேன். என் உடம்பு, என் தொப்பை, என் வண்டி. வெளியே போக வேண்டியது ஒரு தாள். சுவருக்கு மேலே பல்லியைத் தூக்கிக் காட்டிய கையால் அந்த உறையைத் தூக்கிப் போட்டிருந்தால் போதும்.

"வே, பரீட்சைச் சீட்டா?" மைதீன் பாய்க்கு இப்போதுதான் விவரம் தெரிந்தது. "இதச் சொல்லியிருந்தா நான் எப்பவோ கொண்டு குடுத்திருப்பேனே! இவ்வளவு நேரம் இங்கனதான நிக்கேன்? நானும் ஏணி ஏணின்னு நாலு தெரு அலைஞ்சேனே!"

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து உறையை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். கை வெளியே போனது. உடனே திரும்பி வந்தது.

"பேனா?"

என் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து வைத்தேன். கை அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டியது.

"இது டெஸ்டர்."

பேனா உறையிலிருந்து நழுவிப் பெட்டியிலேயே கிடந்தது. கொடுத்தேன். நல்லா எழுது, பயப்படாதே என்று ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"பதறாம, பைய இருங்க," என்றாள் அவள். ஆட்டோ கிளம்பியது.

மூடிய கேட்

கரண்ட் வந்தபோது ஒன்பதைத் தாண்டியிருந்தது. கம்பிகளைப் போர்டில் மறுபடி மாட்டினேன். ஷாகுல் தம்மாமிலிருந்து ஒரு தட்டுத் தட்டினார். கேட், ஒன்றுமே நடக்காதது போல, முழுசாகத் திறந்தது. மைதீன் பாய் தெருவில் நின்று கைதட்டினார். வண்டியை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்து, கிழிந்த பேண்ட்டை சீட்டோடு அழுத்தி உட்கார்ந்து, பாளையங்கோட்டைக்கு விட்டேன்.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஆட்டோ எங்காவது நின்றிருந்தால்? ரயில்வே கேட் மூடியிருந்தால்? போன் போடவும் முடியாது, உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் உள்ளே போனாளா இல்லையா என்று கேட்க ஆள் இல்லை.

பள்ளிக்கூடத்தின் பெரிய இரும்புக் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. வெளியே ஒரு கூட்டம். தாமதமாக வந்தவர்கள். ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒருவர் வாட்ச்மேனிடம் தன் பஸ் பஞ்சரான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பச்சைச் சேலை ஒன்று திரும்பி நின்றது. ஆட்களை விலக்கிக்கொண்டு போனேன். அவள் திரும்பினாள். வேறு யாரோ.

வேப்பமர நிழலில் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் பார்த்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் பார்த்தேன். மறுபடி கூட்டத்துக்குள் வந்து பார்த்தேன்.

செல்வி வெளியே இல்லை.

எங்குமே இல்லை. கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடத் தொழிலில் மூடிக்கிடக்கிற ஒரு கேட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

கூட்டம் கலைந்த பிறகு வாட்ச்மேன் என் வண்டியில் தொங்கிய கருவிப் பையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி என்ன வேலை பாக்கிய?"

"கேட் ரிப்பேர்."

"அப்படியா! நல்லதாப் போச்சு. இந்தச் சனியன் கீழ்க் கீல்ல பிடிச்சிக்கிடுது. தொறக்க ரெண்டு ஆளு வேணும். சும்மாதான இருக்கிய, ஒரு கை பாக்கியளா?"

பிளையரை எடுக்கப் பை வரைக்கும் போன கையைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். நாக்கு வரைக்கும் "சரி" வந்துவிட்டது. அதையும் விழுங்கினேன்.

"முடியாது," என்றேன். "உள்ள என் வீட்டுக்காரி இருக்கா. அவ வெளிய வந்த பொறவு தொடுதேன்."